முப்பது எண்ணும்வரை

நான் முதன்முதலாகக் கெட்ட வார்த்தை பேசியது என் அப்பாவிடம்தான். எனக்கு அப்போது நாலு வயது. ஹாலில் பாய் விரித்து என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, என் வலது காலைத் தூக்கித் தன் இடது தோளில் சாய்த்திருந்தார். முட்டி மடங்காமல் பிடிக்க ஒரு கை. இன்னொரு காலும் கூடவே கிளம்பி வந்துவிடாமல் அதைப் பாயோடு அழுத்த இன்னொரு கை. என் தொடைக்குப் பின்னால் தசை துணி காயப்போடும் கம்பி மாதிரி விறைத்து நிற்க, அவர் பாட்டுக்கு "பதினொண்ணு, பன்னெண்டு" என்று எண்ணிக்கொண்டிருந்தார். பதிமூன்றில் நான், "போடா பேமானி" என்றேன்.

அப்பா எண்ணுவதை நிறுத்தவில்லை. முப்பது முடித்து, அந்தக் காலை இறக்கிவைத்து, அடுத்த காலை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்ட பிறகுதான் சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"இவ என்ன சொன்னா, கேட்டியா?"

"கேட்டுது," என்றாள் அம்மா. "பஸ்ஸுக்கு நேரமாச்சு. எண்ணுங்க."

அந்த வார்த்தை மாடியிலிருந்து வந்தது. செம்பாக்கம் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி நாங்கள் குடியிருந்த வீட்டில் கீழ்ப் போர்ஷன் எங்களுடையது, மாடி வீட்டுக்கார அம்மாவுடையது. ஒரு காலத்தில் அந்தத் தெரு முழுக்க அவர்கள் வயலாக இருந்ததாம். வயல் போய் வீடுகள் வந்த பிறகும் வரப்பில் நின்று கூப்பிடும் குரல் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. தண்ணீர் லாரிக்காரர் தாமதமாக வந்தால் மாடியிலிருந்தே அவரைத் திட்டுவார். நான் கீழே ஜன்னலோரம் உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் ஏழு மாதத்தில் பிறந்தவள். மூளையிலிருந்து கால்களுக்குப் போகும் உத்தரவு எனக்கு வழியில் கெட்டுப்போய்விடும். 'தளர்ந்து இரு' என்று போய்ச் சேரவேண்டியது 'இறுக்கு' என்று போய்ச் சேரும். அதனால் குதிகால் தரையில் படாது, முட்டி நிமிராது, இரண்டு தொடைகளும் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நிற்கும். கைகள் பரவாயில்லை. வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

டாக்டர் இதற்குச் சொன்ன பெயர் செரிப்ரல் பால்சி. அம்மா அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து, படிக்கட்டில் நின்ற வீட்டுக்கார அம்மாவிடம் அந்தப் பெயரைச் சொன்னாள். அவர் காதில் விழுந்தது கடைசிப் பகுதி மட்டும்தான்.

"பால் சேரலியா? அதுக்கு இன்னாத்துக்கு அய்வுற? பால நிறுத்திட்டுக் கஞ்சி குடு."

ஒரு வாரம் கழித்து விஷயம் கொஞ்சம் புரிந்ததும் அவரே அதைத் திருத்திக்கொண்டார். பால்தான், ஆனால் மாட்டுப் பால் இல்லை. தாம்பரம் மேற்கிலிருந்து பெண்ணொருத்தி கழுதையை ஓட்டிக்கொண்டு தெருத் தெருவாக வருவாள். அவளை நிறுத்தி, வாசலிலேயே கறந்து, ஒரு சங்கு கழுதைப் பால் என் வாயில் ஊற்றப்பட்டது. மூன்று நாள் எனக்கு வயிற்றால் போனது. "உள்ள இருக்கிற கோளாறெல்லாம் வெளிய போவுது," என்றார் வீட்டுக்கார அம்மா. கோளாறு எங்கேயும் போகவில்லை. என் எடைதான் போனது.

அதற்குப் பிறகு வந்தவர்தான் பிசியோ அக்கா.

கோவிலம்பாக்கத்திலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் ஸ்கூட்டரில் வருவார். படிப்பு முடித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. குள்ளம், நல்ல கனம், முன்கையில் மட்டும் மீன் வெட்டுகிறவர்களுக்கு இருக்கும் பலம். முதல் நாள் பாயில் உட்கார்ந்து என் பாதத்தைக் கையில் எடுத்தபோது நான் கேட்டேன்.

"வலிக்குமா?"

"வலிக்கும். ரொம்ப இல்ல. கத்தணும்னா கத்திக்கோ. கால மட்டும் உதறாத, என் மூக்குல படும்."

அதுவரை என்னைத் தொட்ட பெரியவர்கள் அத்தனை பேரும் 'வலிக்கவே வலிக்காது' என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டார்கள். நான் அவரை நம்பினேன். நம்பிக்கையோடு கத்தினேன்.

அவர் சொல்லிக்கொடுத்த பயிற்சிகள் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, தன் முன்கையால் பாதத்தை மெல்ல மேலே தள்ளிப் பிடிப்பது. காலை நீட்டித் தூக்கிப் பிடிப்பது. இரண்டு பாதங்களையும் ஒட்டவைத்து முட்டிகளைப் பக்கவாட்டில் விரித்து அமுக்குவது; அதற்குப் பட்டாம்பூச்சி என்று பெயர். குப்புறப் படுப்பது. இடுப்பை மட்டும் தூக்கிப் பாலம் போடுவது. ஸ்டூலிலிருந்து எழுந்து நிற்பது, உட்காருவது, மறுபடி எழுவது. ஒவ்வொரு பிடியும் முப்பது எண்ணும்வரை. தினமும், ஞாயிறு உட்பட. தசைக்கு ஞாயிறு, தீபாவளி, கிறிஸ்துமஸ் எதுவும் தெரியாது என்றார் அக்கா.

அந்த வருடம் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கவனத்தைத் திருப்ப அவர் என்னிடம் சொன்ன கதைகள் எல்லாம் அவரைப் பெண் பார்க்க வந்தவர்களின் கதைகள். அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை, குழந்தையிடம் பேசுகிற பேச்சா என்பாள். ஆனால் கதை சூடு பிடிக்கும்போது அவளும் வெங்காயத்தோடு ஹாலுக்கு வந்து உட்கார்ந்துகொள்வாள். தொடைப் பின் தசைக்கு ஒரு மாப்பிள்ளை. கல்யாணத்துக்குப் பிறகு ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது என்றவன். கெண்டைக்கால் தசைக்கு இன்னொருவன். எட்டுப் பேரோடு வந்து, கேசரியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, 'பொண்ணு கொஞ்சம் குண்டு' என்று போன் பண்ணிச் சொன்னவன். பட்டாம்பூச்சிக்கு வந்தவன்தான் நல்லவன். அக்காவைப் பார்த்ததும் தன் முதுகு வலிக்கு வழி கேட்டான். அவனையே அக்கா கட்டிக்கொண்டார். கதைகள் தீர்ந்துவிட்டன என்று நான் உண்மையாகவே அழுதேன். ஒரு மாத விடுப்புக்குப் பிறகு மாமியாரோடு திரும்பி வந்தார். அதாவது, மாமியாரின் கதைகளோடு. பிறகு எனக்குப் பஞ்சமே இல்லை.

அக்கா வராத நாட்களில் என் கால்கள் அப்பாவின் பொறுப்பு. மறைமலை நகரில், கார்களுக்கு உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவர் தரம் பார்க்கிற வேலையில் இருந்தார். வருகிற பாகங்களை அளந்து, தேறுவதை ஒரு பக்கமும் தேறாததை இன்னொரு பக்கமும் போடுவதே அவர் பிழைப்பு. என் முட்டி எத்தனை டிகிரி நிமிர்கிறது என்று அக்கா ஒரு பிளாஸ்டிக் கோணமானி வைத்து அளப்பதைப் பார்த்தவர், மறுநாளே தன்னுடைய எஃகுக் கோணமானியைக் கொண்டுவந்துவிட்டார். மார்கழிக் காலையில் அதைத் தொடையில் வைத்தால் உயிர் போகும். "முட்டி ஓகே," என்பார். "இடது குதிகால் ரிஜெக்ட்."

அளவில் இவ்வளவு நேர்மையான மனிதர் எண்ணிக்கையில் மோசடி செய்தார். மோசடி என்றால், நான் அழும்போது எண்ணிக்கையைக் குறைத்துச் சீக்கிரம் விட்டுவிடுவார் என்று எல்லோரும் நினைப்பார்கள். அவர் நேர்மாறு. நான் நன்றாக ஒத்துழைக்கும் நாளில், இருபத்தேழு வரை வந்துவிட்டு, குரலில் எந்த மாற்றமும் இல்லாமல் மறுபடி இருபத்திரண்டுக்குப் போவார். இன்னும் கொஞ்ச நேரம் இழுத்துப் பிடித்தால் இன்னும் கொஞ்சம் குணமாகும் என்கிற பேராசை. நான் எண் கற்றுக்கொண்டது அவரிடம் என்பதால் எனக்கு இதில் சந்தேகமே வரவில்லை.

யூ.கே.ஜி.யில் டீச்சர் என்னை எழுப்பி முப்பது வரை சொல்லச் சொன்னார். எழுப்பி என்றால், நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நானாகவே எழுந்தேன். "இருபத்தஞ்சு, இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்திரெண்டு, இருபத்திமூணு" என்று கணீரென்று சொன்னேன். டீச்சர் திருத்தினார். நான் மறுபடி சொன்னேன். மறுபடியும் இருபத்தேழுக்கு அப்புறம் இருபத்திரண்டு.

"யாரும்மா உனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது?"

"எங்கப்பா இப்படித்தான் எண்ணுவாரு, மிஸ்."

அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அம்மா பிசியோ அக்காவிடம் சொன்னாள். அக்கா அப்பாவை ஹாலில் நிறுத்திவைத்து விசாரித்தார். என் வாழ்க்கையில் நான் பார்த்த சந்தோஷமான காட்சிகளில் அது ஒன்று.

"சார், நீங்க ஃபேக்டரில இப்படித்தான் எண்ணுவீங்களா?"

"இல்ல மேடம். நல்லா வளைஞ்சு குடுத்துட்டிருந்தா. விட மனசு வரல."

"முப்பதுன்னா முப்பது. உங்க ஆசைக்கெல்லாம் தசை நீளாது."

ஏழு வயதில் எனக்கு வாக்கர் வந்தது. அதில் ஒரு சிக்கல். எனக்குக் கொடுத்த வகையில் சட்டம் முதுகுக்குப் பின்னால் இருக்கும், அதை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். முன்னால் இருந்தால் நான் அதன் மேல் கவிழ்ந்து சாய்ந்துவிடுவேன், முதுகு நிமிராது. இது எங்களுக்குத் தெரியும். செம்பாக்கத்துக்குத் தெரியாது. வாசலைத் தாண்டினால் போதும், டீக்கடையிலிருந்து குரல் வரும்.

"பாப்பா, வண்டிய உல்ட்டாவா புட்சினுகீற. திருப்பு."

காய்கறி வண்டிக்காரர் சொல்வார். பால் பாக்கெட் போடுபவர் சொல்வார். பைக்கில் போகிறவர்கள் வேகம் குறைத்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு நாள், ஏரிப் பக்கம் நடைப்பயிற்சி போகும் ரிட்டயர்டு சார் ஒருவர் சொல்வதோடு நிற்காமல் செயலில் இறங்கினார். அம்மா பின்னால் மளிகைக் கடையில் நின்றிருந்தாள். அவர் மிகவும் மரியாதையாக என்னை மின்கம்பத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, வாக்கரைத் திருப்பி வைத்து, "இப்ப நடம்மா" என்றார். பெரியவர் சொல்கிறாரே என்று நானும் நடந்தேன். வாக்கர் முன்னால் ஓடியது. நான் பின்னால் போனேன். முகவாய் முதலில் தரையைத் தொட்டது.

மூன்று தையல். பாவம், அவரேதான் ஆட்டோ பிடித்து எங்களைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். ஆனால் தையல் போடும்போதும் விடாமல், "இந்த வண்டியத் தப்பா செஞ்சிருக்காங்க டாக்டர், கம்பெனிக்கு எழுதணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவருக்கும் தையல் தேவைப்பட்டிருக்கலாம்.

அன்று வேலை முடிந்து வந்த அப்பா வாக்கரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மறுநாள் தொழிற்சாலையிலிருந்து மஞ்சள் பெயின்ட் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் அம்புக்குறி போட்டு, மரப்பெட்டிகளில் எழுதுவது போலக் கட்டம் கட்டி 'முன்பக்கம்' என்று எழுதினார். அதற்குப் பிறகு யாரும் திருத்தவில்லை. நின்று படித்தார்கள். வீட்டுக்கார அம்மா மட்டும் அப்பாவைக் கூப்பிட்டு, "எங்க வூட்டுக்காரர் மேலயும் இப்டி ஒண்ணு எய்திக் குடு சார். அவுருக்கு எது முன்னால எது பின்னாலன்னு எனக்கு இன்னும் பிரியல" என்றார்.

பதிமூன்று வயதில் நான் பயிற்சியை நிறுத்தினேன்.

காரணம் கேட்டால் பெரிதாக எதுவும் இல்லை. அந்த நேரத்தில் பிசியோ அக்கா பிரசவத்துக்குப் போயிருந்தார். அம்மா கேம்ப் ரோடு பக்கம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அப்பாவுக்கு ஷிஃப்ட் மாறி மாறி வந்தது. வளர்ந்த பெண்ணின் காலை அப்பா தூக்கிப் பிடிப்பது அவருக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம். இனி நீயே சுவரில் காலைச் சாய்த்துச் செய்துகொள் என்று விட்டுவிட்டார்கள். "செஞ்சிட்டியா?" என்று தினமும் கேட்பார்கள். "செஞ்சிட்டேன்" என்பேன். பாயை விரித்துச் சுருட்டி வைப்பேன். அதுவும் ஒரு பயிற்சிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தில்தான் நான் சடசடவென்று உயரமானேன். எலும்பு வளர்ந்தது, தசை கூடவே வளரவில்லை. முட்டிகள் மடங்கியே இருக்க ஆரம்பித்தன. பாதத்தை நிமிர்த்திப் பிடிக்க ராத்திரி காலில் மாட்டுகிற ஸ்ப்ளின்டுக்குள் பாதம் இறங்கவில்லை. ஷூ சின்னதாகிவிட்டது என்பது போல அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன்.

அக்கா திரும்பி வந்த நாளில் நான் வாசலுக்குப் போய் அவரை வரவேற்றேன். ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டுக்கொண்டே என் நடையைப் பார்த்தார். மூன்று எட்டுதான் வைத்திருப்பேன்.

"எத்தன மாசம்?"

"எது?"

"ஏமாத்துனது."

உள்ளே வந்து பாயில் உட்காரவைத்து அளந்தார். எண்ணைச் சத்தமாகச் சொல்லவில்லை. இன்னொரு முறை அளந்தார். பிறகு கோணமானியைப் பைக்குள் போட்டு மூடினார். மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மாவுக்கட்டு போட வேண்டியதாயிற்று. இரண்டு கால்களுக்கும் இடுப்புக்குக் கீழிருந்து பாதம் வரை. வாரா வாரம் பிரித்து, இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி, மறுபடி கட்டுவார்கள். ஐந்து வாரம் இப்படி. மே மாதம். தாம்பரம் வெயிலில் மாவுக்கட்டுக்குள் அரிப்பு என்றால் என்ன என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அம்மாவின் பின்னல் ஊசி, என் ஸ்கேல், ஒரு தோசைக்கரண்டியின் காம்பு எல்லாம் உள்ளே போய் வந்தன. அம்மா என்னைத் திட்டவே இல்லை. பெட்பேன் வைத்தாள், துடைத்துவிட்டாள், வேலைக்கு லீவு சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அப்பா மட்டும் ஒரு நாள் கட்டிலோரம் உட்கார்ந்து கேட்டார்.

"கேக்கும்போதெல்லாம் செஞ்சிட்டேன்னு சொன்னியே."

"ஆமா."

"ஏன்?"

"போர் அடிச்சுதுப்பா. தினமும். பல்லு தேய்க்கறதாவது ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடுது. இது முடியறதே இல்ல. செஞ்சா நடந்துடுவேன்னு சொன்னாலாவது பரவால்ல. செஞ்சா இப்படியே இருக்கலாம்னு சொல்றீங்க. இப்படியே இருக்கறதுக்கு யாராவது இவ்ளோ கஷ்டப்படுவாங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார். மின்விசிறியை ஒரு எண் கூட்டி வைத்துவிட்டுப் போனார்.

கட்டுப் பிரித்த பிறகு கால்கள் குச்சியாக, வெளுத்து, யாருடையதோ போல இருந்தன. பயிற்சியை மறுபடி ஆரம்பிக்க வேண்டும். எனக்கு மனமே இல்லை. அப்போதுதான் அப்பாவின் குட்டு வெளிப்பட்டது.

அவர் இடது கையைத் தூக்க முடியாமல் இரண்டு மாதமாக மறைத்து வந்திருக்கிறார். சட்டையில் இடது கையை முதலில் நுழைத்துப் பிறகு வலது கையை விடுவதை அம்மா பார்த்துவிட்டாள். எனக்காக வந்திருந்த பிசியோ அக்காவிடம் சொன்னாள். அக்கா அவரை நிற்கவைத்துக் கையைத் தூக்கச் சொன்னார். அப்பா கையைத் தூக்கவில்லை, உடம்பை மொத்தமாக ஒரு பக்கம் சாய்த்தார்.

"சார், கைய தூக்கச் சொன்னேன். சாயச் சொல்லல."

"இவ்ளோதான் மேடம் வருது."

அக்கா தோளை ஒரு கையால் அமுக்கி, மறு கையால் அவர் கையை மெதுவாக மேலே கொண்டுபோனார். அப்பா அலறினார். சும்மா இல்லை, தெருவில் நாய் குரைத்தது. மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா படி இறங்கி ஓடிவந்தார்.

"பாப்பாவ இன்னாதான் பண்றீங்க? இம்மாம் பெரிசாயிட்டும் இன்னும் கொன்னுனே கீறீங்க" என்றபடி உள்ளே வந்தவர் பார்த்தது, சோபாவில் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னையும், கண்ணில் தண்ணீரோடு நின்ற அப்பாவையும்.

"இன்னா சார், நீயா கத்துன?"

தோள் இறுகிப்போகிற வியாதி. ஃப்ரோசன் ஷோல்டர் என்றார் அக்கா. இடது தோள் என்பது எனக்கு உறுத்தியது. பத்து வருடமாக என் கால் கிடந்த தோள். ரொம்ப நேரம் தயங்கிவிட்டுக் கேட்டேன்.

"என் காலைத் தூக்கித் தூக்கித்தான் இப்படி ஆச்சாக்கா?"

"சேச்சே. சுகர் இருக்கில்ல, சுகர் இருக்கறவங்களுக்கு இது சகஜம். ஸ்வீட்ட நிறுத்தச் சொல்லு."

நிம்மதியாகத்தான் இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது. அவ்வளவு பெரிய தியாகத்தை ஜாங்கிரி தட்டிக்கொண்டு போய்விட்டது. அப்பாவின் முகத்திலும் அதே ஏமாற்றம் தெரிந்தது என்று இப்போதும் சொல்வேன்.

அவருக்கும் பயிற்சிகள் வந்தன. சுவரில் விரல்களைச் சிலந்தி மாதிரி மேலே நடத்திப்போய், எட்டிய இடத்தில் பென்சிலால் குறி போடுவது. துண்டை முதுகுக்குப் பின்னால் பிடித்து இழுப்பது. குனிந்து நின்று கையை ஊஞ்சல் மாதிரி ஆட்டுவது. ஒவ்வொன்றும் முப்பது. அப்பா மாதிரி மோசமான நோயாளியை நான் பார்த்ததில்லை. பத்தாவது எண்ணில் போன் வரும். வராவிட்டால் எடுத்துப் பார்ப்பார். கேஸ் தீர்ந்துவிட்டதா என்று பார்க்கப் போவார். செய்தாயிற்று என்பார், சுவரில் பென்சில் குறி ஏறியே இருக்காது. எனக்கு ரத்தம் கொதித்தது. என்னை இருபத்தேழிலிருந்து இருபத்திரண்டுக்கு இழுத்த மனிதர், தனக்கு வந்ததும் பத்திலேயே ஓடுகிறார்.

"நீ செய். அப்ப நான் செய்றேன்," என்றார் ஒரு நாள், சின்னப் பிள்ளை மாதிரி.

நான் திருந்தியது ஞானம் பிறந்து அல்ல. இந்த மனிதரைத் தப்பிக்கவிடக் கூடாது என்கிற ஒரே வெறியில்தான். மறுநாள் காலையிலிருந்து ஹாலில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவர் சுவரில் விரல் நடத்த, நான் ஸ்டூலிலிருந்து எழுந்து உட்கார. அம்மா காபியோடு எதிரில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் சேர்த்து எண்ணினாள். அவள் எண்ணிக்கையில் மோசடி கிடையாது, கருணையும் கிடையாது.

"ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு ஆள் தேறும்," என்றாள்.

ஒரு காலை, துண்டை இழுத்துக்கொண்டே அப்பா பல்லைக் கடித்தபடி சொன்னார். "இவ்ளோ வலிக்கும்னு எனக்குத் தெரியாது."

"பத்து வருஷமா சொல்லிட்டுத்தானே இருந்தேன்."

"நீ சும்மா கத்தறேன்னு நெனச்சேன்."

அவர் துண்டை மாற்றிப் பிடித்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி எழுந்து உட்கார்ந்தேன், எழுந்து உட்கார்ந்தேன். அவர் தோள் சரியாக ஒன்றரை வருடம் ஆயிற்று. முழுசாக இல்லை, கை காது வரைக்கும் போய் நின்றுவிடும். நானும் முழுசாக இல்லை. வாக்கரை விட்டு, முழங்கையில் பிடிக்கும் இரண்டு ஊன்றுகோல்களுக்கு வந்தேன். அதிலேயே கல்லூரி போனேன், அதிலேயே இப்போது மேடவாக்கம் பக்கத்தில் ஒரு அலுவலகத்துக்குப் போகிறேன். வாடிக்கையாளர்களின் புகார்க் கடிதங்களுக்குப் பணிவாகப் பதில் எழுதுவது என் வேலை. காலையில் பாய் விரிக்கிறேன். சலிப்பு அப்படியேதான் இருக்கிறது.

போன வருடம் அப்பா ரிட்டயர் ஆனார். தொழிற்சாலை கேன்டீனில் பிரிவு உபசாரம். கோடியில் ஒரு மேடை, அதற்கு ஆறு படி, பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. மேலாளர் ஒருவர் மைக்கில் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்து, குடும்பத்தாரும் மேடைக்கு வரவேண்டும் என்றார். அம்மா ஏறிவிட்டாள். என்னைப் பார்த்ததும் மேலாளர், "பாப்பா அங்கயே உக்காரட்டும், பரவால்ல" என்றார்.

எனக்கு வயது இருபத்தாறு. எழுந்தேன். அப்பாவின் பிரிவு ஆட்கள் இரண்டு பேர் என்னைத் தூக்க ஓடிவந்தார்கள்.

"விடுங்கப்பா. வருவா," என்றார் அப்பா மேடையிலிருந்து.

வலது கால் மேலே, ஊன்றுகோல்கள் மேலே, இடது காலை இழுத்துச் சேர்த்துக்கொள்வது. ஒரு படிக்கு எனக்கு ஆகிற நேரத்தில் மற்றவர்கள் ஒரு தளம் ஏறிவிடுவார்கள். நான் ஏறும்வரை பேச்சை நிறுத்துவது நன்றாக இருக்காது என்று மேலாளர் பேசிக்கொண்டே இருந்தார். மூன்றாம் படியில் அவருக்கு விஷயம் தீர்ந்துவிட்டது. அப்பாவின் நேரம் தவறாமையைப் பற்றி இரண்டாம் முறை சொன்னார். நான்காம் படியில் தரத்தின் முக்கியத்துவம் பற்றிச் சொன்னார். ஐந்தாம் படியில் எனக்குக் கால் நடுங்கி நின்றுவிட்டது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, முப்பத்தைந்து வருடத்தில் அப்பா ஒரு நாள்கூடச் சாப்பாட்டைக் குறை சொன்னதில்லை என்றார். கூட்டம் சிரித்தது, குறை சொல்லாத நாளே கிடையாது போல. அந்தச் சிரிப்பில் நான் ஆறாவதை ஏறினேன். கை தட்டினார்கள். எனக்கு வியர்வை வழிந்தது, கோபமும் சந்தோஷமுமாக ஏதோ ஒன்று. பொன்னாடை, மாலை, புகைப்படம் எல்லாம் ஆனது.

பிறகுதான் படிகளைத் திரும்பிப் பார்த்தேன். ஏறுவதைவிட இறங்குவது எனக்கு இரண்டு மடங்கு கஷ்டம்.

"அப்பா, ஏறிட்டேன். எறங்க முடியாது," என்று அவர் காதில் சொன்னேன்.

திரைக்குப் பக்கத்தில் தட்டுகளோடு நின்றிருந்த கேன்டீன் அண்ணன் அதைக் கேட்டுவிட்டார்.

"இன்னாத்துக்கும்மா படில எறங்கற? இப்டிக்கா கிச்சன் வயியா போனா சாம்பார் வண்டி எறங்கற சரிவு கீது. நேரா ஹாலுக்கே பூடும்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே, அண்ணா."

"நீ படா சோரா ஏறினு இருந்த. நடுவுல இன்னாத்த சொல்றது."

அப்பா மேடையிலேயே மாலையோடு சிரிக்க ஆரம்பித்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மூன்று பேரும் திரையை விலக்கி, மேடையோடு ஒரே மட்டத்தில் இருந்த சமையல்கூடத்துக்குள் போனோம். பெரிய வாணலியில் வடை வெந்துகொண்டிருந்தது. விருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. கேன்டீன் அண்ணன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, செய்தித்தாளில் வடை வைத்துக் கொடுத்தார். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அப்பா அதை அவரிடமே சொன்னார். நான் மூன்று சாப்பிட்டேன்.